ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: வீட்டு நினைப்பு வரும் நேரங்கள்

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, அதிகாலை 3 மணிக்கு ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதுவரை ஊருக்கும் அங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அன்றிலிருந்து நாலரை. மாஸ்டர்ஸ் படிக்க ஆஹன், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் என்று போய் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு வீட்டு நினைப்பு முற்றுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். செப்டம்பரில் வீட்டு முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், விசா அலுவலகம் என்று அலைகிறவர்களுக்கு ஏங்குவதற்கு நேரமே கிடைக்காது. நவம்பரில் அலைச்சல் ஓயும். மாலை நாலேகாலுக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். ரூமுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு ஃபோனை எடுத்தால் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டரை. மனசு கனக்கிற நேரமும் வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன.

வீட்டு நினைப்புக்கு இப்படி ஒரு கால அட்டவணை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. "எப்பவுமே கஷ்டமா இருக்கு" என்பார்கள். ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் வேறு கணக்கு வரும்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை 4 முதல் 6, ஞாயிறு முழுக்க, ஃபோனை வைத்த அடுத்த அரை மணி நேரம், காய்ச்சல் வந்த நாள், கிறிஸ்துமஸ் வாரம், ஊருக்குப் போய்த் திரும்பிய மூன்றாம் நாள். இந்த நேரங்களுக்கு முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டால் மீதி நேரம் தானாக ஓடிவிடும்.

இதை ஒரு நோயாகப் பார்த்து முதலில் பெயர் வைத்ததும் அந்தப் பக்கத்து ஆள்தான். 1688இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில், திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நொஸ்டால்ஜியா' என்று எழுதினார். ஜெர்மன்காரர்கள் பேச்சில் 'ஹைம்வே' என்பார்கள், வீட்டு வலி. வகுப்பில் கூட இருப்பவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே போதும், புரிந்துகொள்வார். விளக்கம் கேட்க மாட்டார்.

ஃபோனிலிருந்து ஆரம்பிக்கலாம். தினமும் நினைத்தபோதெல்லாம் கூப்பிடுவது ஆறுதல் போலத் தெரியும். ஆனால் அப்படிக் கூப்பிடும் நேரம் பெரும்பாலும் மனசு சரியில்லாத நேரமாகவே இருக்கும். அம்மா குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அன்று இரவு அவருக்கும் தூக்கம் கிடையாது. நேரம் குறித்துக்கொள்வதே நல்லது. குளிர்காலக் கணக்கில் அங்கே பகல் 12:45 என்றால் ஊரில் 5:15, டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து நிமிடம் பேச இதைவிட நல்ல நேரம் இல்லை. நீண்ட பேச்சுக்கு ஞாயிறு பிற்பகல் 2 மணி, ஊரில் ஆறரை. ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு பேச உட்காருங்கள். வைத்தவுடன் கதவைத் திறந்து வெளியே போய்விட வேண்டும். திரை அணைந்தபின் அதே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடம்தான் மிக மோசமானது.

பேச விஷயம் இல்லாமல் "வேற என்ன", "வேற ஒண்ணும் இல்ல" என்று சுற்றிக்கொண்டிருப்பதைவிட, ஃபோனை அடுப்படி மேடையில் டப்பா மேல் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். அம்மா வெண்டைக்காய் நறுக்கட்டும், நீங்கள் துணி மடியுங்கள். நடுநடுவே வருகிற பேச்சே நல்ல பேச்சாக இருக்கும். வாய்ஸ் நோட்டும் கைகொடுக்கும். ஊரில் காலை ஆறரைக்கு அப்பா பேசி அனுப்புவது அங்கே இரவு இரண்டு மணிக்கு வந்து காத்திருக்கும், எழுந்ததும் கேட்கலாம்.

கல்யாணங்களை லைவில் பார்ப்பது தனிச் சிக்கல். காலை 7:30 முகூர்த்தம் என்றால் அங்கே விடியற்காலை 3 மணி. அலாரம் வைத்து எழுந்து, இருட்டில் தனியாகத் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, 9 மணிக்கு லேபுக்குப் போனால் அந்த வாரமே போய்விடும். ரெக்கார்ட் செய்யச் சொல்லிவிட்டு, மாலை ரிசப்ஷனில் மேடைக்குக் கீழே சித்தப்பா பசங்க கையில் ஃபோன் சுற்றும்போது பேசுவது எவ்வளவோ மேல்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் கிளம்பும் முன் சொல்வதில்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பெர்லினில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். டிசம்பர் பாதியில் அங்கே காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும், மாலை நான்குக்கு முன்பே விழுந்துவிடும். உடம்பு அதைப் பார்த்ததே இல்லை. காலையில் எழ முடியாமை, எப்போதும் தூக்கம், இனிப்பின் மேல் வெறி, எதிலும் ஆர்வமின்மை எல்லாவற்றையும் "அம்மா ஞாபகம்" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். பாதி வெளிச்சக் கணக்கு.

மேகம் மூடிய நவம்பர் நண்பகலில்கூட வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருக்கும், அறைக்குள் சில நூறுதான். அதனால் 12 முதல் 2 மணிக்குள் அரை மணி நேரம் வெளியே நடப்பது கட்டாயம், தூறினாலும். அது போதாதவர்களுக்கு 10,000 லக்ஸ் விளக்கு விற்கிறார்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், தயாரிப்பாளர் குறித்த தூரத்தில் பக்கவாட்டில் வைத்து, 20 முதல் 30 நிமிடம். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். கண் நோயோ மனநிலை ஏற்ற இறக்க நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கத்திய வெயிலில் தோல் வைட்டமின் டி-யைப் போதிய அளவு உண்டாக்காது. வெயில் கிடைக்காதபோது நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 யூனிட் என்பது ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கத்தின் அளவு. ஊரிலிருந்து 60,000 யூனிட் பாக்கெட்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய் வாராவாரம் கணக்கில்லாமல் விழுங்குகிறவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. மாவு புளித்தால் பாதி வீட்டு நினைப்பு ஆறும் என்பது உண்மை. ஆனால் 18 டிகிரி அறையில் மாவு புளிக்காது, ஒரு நாள் வைத்தாலும் கல்லாட்டம் கிடக்கும். மிக்ஸியில் அரைப்பதானால் 3 கப் இட்லி அரிசிக்கு 1 கப் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். ஊறவைக்க வெதுவெதுப்பான தண்ணீர், 6 மணி நேரம். இட்லி அரிசி கிடைக்காத ஊரில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் 'பார்பாயில்ட்' என்று போட்ட நீள அரிசி இருக்கும். புழுங்கல்தான். தோசைக்குத் தாராளம், இட்லிக்குச் சுமார். அரைத்த மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஓவனை 50 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கி, அணைத்து, கீழே ஒரு தட்டு வைத்து, உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை வையுங்கள். பழைய குண்டு பல்பு என்றால் அந்தச் சூடே போதும், 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கிவிடும். எல்ஈடி பல்பு சூடு தராது. அதற்கு இரண்டு பாட்டில் வெந்நீரைப் பக்கத்தில் வைத்து, ஐந்தாறு மணிக்கொரு தடவை மாற்ற வேண்டும்.

முக்கியமானது இனிமேல்தான். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'பிட்டே நிஷ்ட் ஐன்ஷால்டன்', தயவுசெய்து போடாதீர்கள். பொதுச் சமையலறையில் இரவு பதினோரு மணிக்குப் பக்கத்து ரூம்காரர் பீட்சாவுக்காக 220 டிகிரி வைத்துவிட்டுப் போவார். மூடி உருகி, மேலே வெந்த தோல் கட்டி, வீடெல்லாம் உளுந்து வாசம். அவர் மேல் தப்பில்லை. ஓவனுக்குள் ஒருவர் மாவை உறங்கவைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

பாத்திரங்களிலும் பணம் வீணாகும். அடுப்பு பெரும்பாலும் தட்டையான செரான் கண்ணாடி, சில இடங்களில் இண்டக்ஷன். ஊர் அலுமினியக் குக்கர் இண்டக்ஷனில் வேலை செய்யாது. லேசாகக் குழிந்த தோசைக்கல் செரானில் ஆடும், நடுவில் கருகி ஓரத்தில் வேகாது. தட்டையான வாணலியை அங்கேயே வாங்குங்கள். செரான் அணைத்த பிறகும் சூடு விடாது, குக்கர் இன்னொரு விசில் அடித்தே தீரும். நகர்த்தி வைக்கப் பழக வேண்டும். மிக்ஸிக்குப் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் ஞாயிறு முழுக்கவும், தினமும் இரவு 10 முதல் காலை 6 வரையும் 'ரூஹெட்சைட்', சத்தம் போடக்கூடாத நேரம். ஞாயிறு காலையில் நிம்மதியாக மாவரைக்கலாம் என்று நினைத்தவர்கள் கதவு தட்டும் சத்தம் கேட்டிருப்பார்கள். சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள். கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை தவிர.

தாளிக்கும்போது மூடியைப் பாதி சாய்த்து, ஜன்னலை முழுசாகத் திறந்துவிடுங்கள். ஒற்றை அறை வீட்டில் கூரைப் புகைமணிக்குக் கடுகுக்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கறிவேப்பிலை கிடைத்தால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பையில் அடைத்து ஃப்ரீசரில் போடுங்கள். எண்ணெயில் நேராகப் போடலாம், தெறிக்கும், விலகி நில்லுங்கள். தயிர்சாதத்துக்குத் துருக்கிக் கடைக் கெட்டித் தயிர்தான் சரி. காபிக்குக் குளிர்ப் பெட்டியில் இருக்கும் 3.5 சதவீதப் பால். வெளியே அடுக்கியிருக்கும் 'ஹா-மில்ஷ்', அதாவது கெடாமலிருக்கக் கடுஞ்சூட்டில் பதப்படுத்திய பால், டெகாக்ஷனைக் கெடுத்துவிடும்.

ஊரிலிருந்து எதைக் கொண்டுபோகலாம் என்பதில் சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்கள் பயணப் பெட்டியில் போகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய், கனி, இலை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். விலக்கு வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும். பச்சைக் கறிவேப்பிலை கூடாது என்று அர்த்தம். கருவாடு வரலாம், மீன் வகைக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் உங்கள் ஸ்வெட்டர்கள் மார்ச் வரை மணக்கும். துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, காய்ந்த வற்றல், வத்தக்குழம்பு விழுது போதும், ஆறு மாதம் ஓடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று வேளையும் ஊர்ச் சாப்பாடு என்று கங்கணம் கட்டினால் நாளுக்கு இரண்டு மணி நேரம் அடுப்பில் போகும், படிப்பு பின்தங்கும், அதனாலேயே ஊருக்கு ஓடிவிடலாம் என்று தோன்றும். மதியம் பல்கலைக்கழக மென்சாவில் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கும் கிரேவியும் நாக்குக்கு ஒன்றும் செய்யாதுதான். அங்கே ஒரு மணி நேரம் நாலு பேருடன் உட்கார்ந்திருப்பதற்குத்தான் அந்தக் காசு.

மனிதர்கள் விஷயத்தில் தேதி முக்கியம். ஜெர்மானியர்கள் ஒரு தடவை பார்த்துப் பழகுகிறவர்கள் கிடையாது. ஒரே முகத்தை ஒரே கிழமை, ஒரே இடத்தில் எட்டுப் பத்து தடவை பார்த்த பிறகுதான் பேச்சு பருவநிலையைத் தாண்டும். அதனால் நவம்பர் பிறப்பதற்குள் வாரத்துக்கு இரண்டு நிரந்தர மாலைகளைப் பிடித்துவிட வேண்டும், இரண்டும் 4 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் இருந்தால் உத்தமம். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள் மலிவு. ஆனால் செமஸ்டர் தொடக்கத்தில் பதிவு திறந்த சில நிமிடங்களில் பேட்மின்டன் நிரம்பிவிடும், அலாரம் வையுங்கள். மொழிப் பரிமாற்ற ஜோடி, கோரஸ், மலையேற்றச் சங்கம், எதுவானாலும் சரி. ஒன்று நம்மவர்களோடு, இன்னொன்று நம்மவர் யாரும் இல்லாத இடத்தில்.

தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. முதல் மூன்று மாதம் அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஜெர்மன் 'ஏ1' என்ற தொடக்க நிலையிலேயே நிற்கும், இரவு இரண்டு மணி வரை சினிமா ஓடும், ஒருவர் சோர்ந்தால் ஐந்து பேரும் சோர்வார்கள். இருங்கள், ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பேட்மின்டனை விடாதீர்கள்.

1983க்குப் பிறகு வந்து வேரூன்றிய ஈழத் தமிழர்கள் அந்த நாட்டின் பல ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் எந்தக் கிழமை இறங்கும் என்று கேட்டுவைத்து அன்றே போங்கள். "என்ன தம்பி, படிக்க வந்தனீங்களோ?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கதைப்பார்கள். உங்கள் தமிழுக்கும் அவர்கள் தமிழுக்கும் உள்ள தூரமே ஒரு சுவாரசியம். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு. கோடைத் தொடக்கத்துத் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். மாணவர் டிக்கெட் நாடு முழுக்கச் செல்லுமானால் உள்ளூர் ரயில்களிலேயே போய் வரலாம். பக்தி இல்லாதவரும் ஒரு தடவை போகலாம். இத்தனை தமிழ்க் குரல்களை ஒரே வெளியில் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருக்கும்!

பண்டிகைகளில் தீபாவளிக்கு விடுமுறை இல்லை. வெடிக்கும் ஆசைப்பட வேண்டாம், தனியாட்கள் டிசம்பர் 31, ஜனவரி 1 தவிர வேறு நாளில் கொளுத்தச் சட்டத்தில் அனுமதி இல்லை. பொங்கலுக்கு ஒரு நுணுக்கம்: பொங்கி வழிய வேண்டும், ஆனால் வெல்லப் பாகு சூடான செரான் கண்ணாடியில் வழிந்தால் கண்ணாடி குழிந்துபோகும், வாடகை முன்பணத்தில் பிடிப்பார்கள். நம் வழக்கமே காப்பாற்றுகிறது. முதலில் பாலை மட்டும் பொங்கவிடுங்கள், ஆறியதும் சுரண்டிவிடலாம். அரிசி வெந்தபின் பெரிய பாத்திரத்தில் வெல்லம்.

கிறிஸ்துமஸ்தான் உண்மையான சோதனை. டிசம்பர் 24 மதியம் 2 மணியோடு கடைகள் அடங்கும். 25, 26 விடுமுறை, 27 ஞாயிறாக அமைந்தால் மூன்று நாள். விடுதி காலியாகிவிடும், தாழ்வாரத்தில் உங்கள் காலடி மட்டும் கேட்கும். டிசம்பர் முதல் வாரமே யார் யார் தங்குகிறார்கள் என்று விசாரித்து, 24 இரவுக்கு ஒரு கூட்டுச் சமையலைப் பேசிவிடுங்கள். சீனப் பெண்ணோ கேமரூன் பையனோ, அவர்களும் இதே யோசனையில்தான் இருப்பார்கள். 23ஆம் தேதியே காய்கறி, பால், பாரசிட்டமால் வாங்கிவிடுங்கள்.

கெட்ட செய்தி பற்றி வீட்டோடு முதலிலேயே ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். "படிக்கிற பிள்ளைகிட்டச் சொல்ல வேண்டாம்" என்று தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பதை மறைப்பது நம் வழக்கம். மூன்று வாரம் கழித்துத் தெரிய வந்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபோனிலும் அம்மா குரலைச் சந்தேகத்தோடு கேட்பீர்கள். அக்காவோ தம்பியோ ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: எதுவானாலும் அன்றே சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். கூடவே அவசர டிக்கெட்டுக்கு 800 முதல் 1,000 யூரோ தனியாக இருக்கட்டும். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைக்கும் பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதம் வரும் 992 யூரோவில் அதை ஒதுக்குவது கடினம், கோடை வேலைச் சம்பளத்தில் முடியும். அந்தப் பணம் கணக்கில் இருப்பதே பாதிப் பயத்தைப் போக்கும். தங்கும் அனுமதி அட்டையின் தேதியையும் பாருங்கள். புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு இடைக்காலத் தாள் வைத்திருப்பவர்கள், அதில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவுக் கட்டம் குறிக்கப்பட்டிருந்தால்தான் வெளியே போய்த் திரும்ப வர முடியும். 3ஆம் உட்பிரிவு என்றால் முடியாது. ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பும் இரவில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அல்ல இது.

எப்போது உதவி தேட வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, வகுப்புக்குப் போகவில்லை, பகலிலும் திரைச்சீலை மூடியிருக்கிறது, வீட்டோடு பேசவும் பிடிக்கவில்லை என்றால், அது வீட்டு நினைப்பைத் தாண்டிவிட்டது. வீட்டு நினைப்பு உள்ளவருக்கு வீட்டோடு பேசப் பிடிக்கும், அதுதான் அடையாளம். மாணவர் சேவை அமைப்பான ஸ்டுடீரண்டன்வெர்க்கின் ஆலோசனை பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்திலும் உண்டு. இரவில் பேச 0800 111 0 111, கட்டணமில்லை, ஜெர்மன் மொழியில். டாக்டருக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. அரசு மாணவர் இன்ஷூரன்ஸ் மனநலச் சிகிச்சையையும் ஏற்கும். ஊரில் யாருக்கும் தகவல் போகாது.

முதல் தடவை ஊருக்கு எப்போது போவது? கிறிஸ்துமஸுக்குப் போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். டிக்கெட் அப்போதுதான் உச்சம், திரும்பி வருவது ஜனவரி இருட்டுக்கு, பின்னாலேயே பரீட்சை. பிப்ரவரி பரீட்சைகளை முடித்துவிட்டுப் போய், மார்ச் கடைசியில் வாருங்கள். கடிகாரம் மறுபடி மூன்றரைக்கு வந்திருக்கும், ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சனி இரவு மட்டும் வந்து இறங்காதீர்கள், மறுநாள் பால்கூடக் கிடைக்காது. கிளம்பும் முன்பே ஃப்ரீசரில் இரண்டு டப்பா சாம்பாரும் ஒரு பாக்கெட் ரொட்டியும் போட்டுவிட்டுப் போங்கள். மூன்றாம் நாள் மாலைக்கு யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டிருங்கள், அதையும் கிளம்பும் முன்பே.